பேணுதலும் பற்றுதலும்

பொருள்களை ஈட்டுவது எப்படி என்று சொல்லித்தரும் நூல்கள் உண்டு. அவற்றைத் துறப்பது எப்படி என்று சொல்லித்தரும் நூல்களும் உண்டு. ஈட்டுவதற்கும் துறப்பதற்கும் இடையில், ஒரு பொருளோடு நெடுங்காலம் வாழ்வது எப்படி என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது. ஆனால் இல்லறத்தாரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் கழிகிறது. எனவே அறம் தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டிய களமும் அதுவே.

இந்தக் கேள்வியை ஆராய மிக எளிய பொருள் ஒன்று போதும்: ஒரு பழைய சைக்கிள்.

பெங்களூரின் தெற்கே ஓசூர் சாலையில் அமைந்துள்ள பொம்மனஹள்ளி ஒரு காலத்தில் தனி ஊர். பின்னர் தனி நகரசபையாக இருந்து, 2007-இல் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2010 ஜனவரியில் சில்க் போர்டு பகுதியையும் எலெக்ட்ரானிக் சிட்டியையும் இணைக்கும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 10 அன்று மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் தொடங்கப்பட்டது. பொம்மனஹள்ளிக்கும் அதில் ஒரு நிலையம் உண்டு. மேலே கார்களும் ரயிலும் விரைகின்றன. கீழே, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் பணிமனைகளுக்கும் செல்பவர்களின் நெரிசல். அந்த நெரிசலின் ஓரத்தில் இன்னும் சைக்கிள்கள் ஓடுகின்றன. அவற்றுள் தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் கொண்ட பழைய மலைச் சைக்கிள்களும் உண்டு. 'எம்.டி.பி.' என்று 1990-களில் சிறுவர்கள் ஆசையோடு அழைத்த அதே வகை.

இத்தகைய சைக்கிளை ஓட்டுபவர்களில் இரு வகையினரைக் காணலாம். ஒருவர் இரவுக் காவல் பணி முடிந்து வீடு திரும்புபவர். வேறு வாகனம் வாங்க அவருக்கு வழியில்லை. மற்றவர் மென்பொருள் நிறுவனத்தில் நல்ல ஊதியம் பெறுபவர். விரும்பினால் புதிதாக நான்கு வாங்கலாம், இருந்தும் இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கியதையே ஓட்டுகிறார். வண்டி ஒன்றுதான். இருவரின் செயலும் ஒன்றா? இரண்டாமவரின் செயல் எளிமை எனும் நற்குணமா, அல்லது பழம்பொருளின்மீது கொண்ட பற்று எளிமையின் வேடத்தில் வருகிறதா?

பழமையிலிருந்து பிறந்த வண்டி

மலைச் சைக்கிள் பிறந்த கதை இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமானது. எந்தத் தொழிற்சாலையும் திட்டமிட்டு அதை உருவாக்கவில்லை. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மாரின் மாவட்டத்து டமல்பயஸ் மலைப் பகுதியில் சில இளைஞர்கள் கரடுமுரடான மண்பாதைகளில் சைக்கிளில் இறங்க விரும்பினர். அன்றைய புதிய பந்தய சைக்கிள்களின் மெல்லிய டயர்கள் அந்தப் பாதைகளைத் தாங்கா. எனவே 1930-களிலும் 40-களிலும் தயாரிக்கப்பட்டு, பழைய சாமான் கடைகளில் கேட்பாரற்றுக் கிடந்த கனமான ஷ்வின் சைக்கிள்களைத் தேடி எடுத்தனர். தேவையற்ற பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டு அவற்றில் மலையிறங்கினர்.

1976 அக்டோபர் 21 அன்று அவர்கள் ஒரு பந்தயம் நடத்தினர். அதன் பெயர் 'ரீபேக்'. ஏறத்தாழ 2 மைல் தூரத்திற்குள் 1,300 அடி இறங்கும் பாதை அது. பின்சக்கரத்தின் நடுவிலிருந்த பிரேக் அந்த இறக்கத்தில் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையே பந்தயத்தின் பெயராயிற்று. அதாவது, இந்த விளையாட்டு தன் முதல் நாளிலேயே வேகத்தையும் பராமரிப்பையும் ஒரே மூச்சில் உச்சரித்தது.

அந்தக் குழுவைச் சேர்ந்த ஜோ ப்ரீஸ் 1977-இல் இதற்கென்றே தனி ஃபிரேம் செய்தார். 1981-இல் 'ஸ்டம்ப்ஜம்ப்பர்' என்ற வண்டி பெரிய அளவில் உற்பத்தியாகிச் சந்தைக்கு வந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் இடம்பெற்றது. பழைய சாமானாகக் கிடந்தது இருபதே ஆண்டுகளில் ஒலிம்பிக் அரங்கிற்கு வந்துவிட்டது.

அதன்பின் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. பல்லாண்டுகளாக மலைச் சைக்கிளின் சக்கர அளவு 26 அங்குலமே. 2010-களில் தொழில் நிறுவனங்கள் 27.5 அங்குலத்திற்கும் 29 அங்குலத்திற்கும் மாறின. பெரிய சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் எளிதில் கடக்கும் என்பது உண்மையே. ஆயினும், நேற்றுவரை போதுமானதாக இருந்த வண்டி ஒரே இரவில் 'பழையது' ஆகிவிட்டது. அதன் இரும்பிலோ, ஓடும் திறனிலோ எந்த மாற்றமும் நிகழவில்லை. மாறியது அதைப் பார்த்த கண்.

'பழையது' என்ற சொல் பெரும்பாலும் பொருளின் தன்மையைக் குறிப்பதில்லை, மனத்தின் நிலையைக் குறிக்கிறது. இதை உணர்வதே விவேகத்தின் முதற்படி.

வியாசரின் ஐந்து குறைகள்

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் யமங்கள் ஐந்தில் இறுதியாக வருவது அபரிக்ரஹம், அதாவது தேவைக்கு மேல் ஏற்காமை. அதற்கு உரை எழுதிய வியாசர், பொருள்களை ஏற்பதில் ஐந்து குறைகளைக் காட்டுகிறார்: ஈட்டுவதில் உள்ள துன்பம், காப்பதில் உள்ள துன்பம், அழியும்போது வரும் துன்பம், பற்று, பிற உயிர்களுக்கு நேரும் ஹிம்சை.

இந்த ஐந்தையும் அளவுகோலாகக் கொண்டு பழைய சைக்கிளை அளந்து பார்க்கலாம். அதை ஈட்டும் துன்பம் என்றோ முடிந்துவிட்டது. புதிதாக வாங்குபவனே மீண்டும் அதற்குள் நுழைகிறான். ஹிம்சையும் அவ்வாறே. தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது. வெட்டப்படும் சுரங்கமும் எரிக்கப்படும் நிலக்கரியும் அந்தப் புதிய ஃபிரேமின் பளபளப்பில் தெரிவதில்லை. ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்ட ஃபிரேமை மேலும் பத்து ஆண்டுகள் ஓட்டுபவர் அந்த ஹிம்சையை அவ்வளவு காலம் தள்ளி வைக்கிறார்.

காப்பதில் உள்ள துன்பமோ பழைய வண்டியில் குறையாது, கூடவே செய்யும். அழிவின் துன்பமும் ஒருநாள் வரும். பற்று என்ன ஆகும்? இங்குதான் கேள்வி கூர்மையடைகிறது. ஒரு பொருளோடு எத்தனை ஆண்டுகள் வாழ்கிறோமோ, அத்தனை நினைவுகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. முதல் சம்பளத்தில் வாங்கியது, நண்பர்களோடு நந்தி மலை ஏறியது, மகனை முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றது என்று அந்த இரும்பைச் சுற்றி ஒரு வாழ்க்கை படிந்துவிடுகிறது. ஐந்தில் இரண்டு குறைகளைத் தவிர்த்தவர் மூன்றாவதில் ஆழமாகச் சிக்கிக்கொள்ளக்கூடும்.

பரதனும் மான்குட்டியும்

பேணுதல் பற்றாக மாறும் விதத்தை பரதனின் கதையைவிடத் தெளிவாகக் காட்டும் கதை வேறில்லை. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்தவன் பரதன். சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சி நதியைத் தாண்டிய நிறைமாத மான் ஒன்று குட்டியை நீரில் ஈன்றுவிட்டு இறந்தது. பரதன் அந்தக் குட்டியைக் காப்பாற்றி வளர்த்தான். கருணையால் தொடங்கிய செயல் அது. குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நாளடைவில் மான் எங்கே, மேய்ந்ததா, திரும்பி வந்ததா என்ற எண்ணமே தவத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மானை நினைத்தபடியே உயிர் நீத்தவன் மறுபிறவியில் மானாகப் பிறந்தான் என்கின்றன புராணங்கள்.

மானைக் காப்பாற்றியது பரதனின் தவறென்று அந்தக் கதை சொல்லவில்லை. காக்கும் கை எந்தக் கணத்தில் பிடிக்கும் கையாக மாறியது என்பதை அவன் கவனிக்கவில்லை, அங்கேதான் வீழ்ச்சி. நாட்டையே துறந்தவனை ஒரு மான்குட்டி வீழ்த்த முடியுமானால், பெரிய வீடும் காரும் வேண்டாம் என்றிருப்பவரை ஒரு பழைய சைக்கிள் வீழ்த்த முடியாதா? எளிய பொருளின்மீது பற்று வராது என்ற எண்ணமே ஏமாற்றம்தான்.

'அதே சைக்கிள்' எது?

இந்தப் பற்றைச் சற்று ஊன்றி ஆராய்ந்தால் வியப்பான ஓர் உண்மை வெளிப்படும். இருபது ஆண்டுகளாக ஓடும் வண்டியில் எது பழையது? டயரும் டியூபும் பலமுறை மாறிவிட்டன. செயினும் ஃபிரீவீலும் மாறிவிட்டன. பிரேக் கட்டை, கேபிள், பெடல், சீட் எதுவும் முதலில் வந்தவையல்ல. பால்ரஸ் குண்டுகள் புதியவை. எஞ்சியிருப்பது ஃபிரேம், அதிலும் பெயின்ட் புதிது. எனினும் உரிமையாளர் 'அதே சைக்கிள்' என்கிறார்.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட கிரேக்க மன்னர் மிலிந்தரிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி இதே கேள்வியைத் தேரை வைத்துக் கேட்டார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை என்றால் தேர் எங்கே? பாகங்கள் கூடியிருக்கும்போது வழங்கும் பெயரே 'தேர்' என்ற முடிவுக்கு மன்னரே வந்தார். பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதியதும் இதே புதிரைத்தான்.

தத்துவ மாணவர்கள் இதை வெறும் அறிவு விளையாட்டாகக் கொள்வதுண்டு. சாதகனுக்கோ இது மருந்து. 'என்னுடையது' என்று இத்தனை ஆண்டுகள் இறுகப் பிடித்திருந்த பொருள் மெல்ல மெல்லக் கைநழுவிப் போய்விட்டது; கையில் இருப்பது ஒரு பெயர் மட்டுமே. பற்றுக்கு நிலையான இலக்கு எதுவும் இல்லை என்பதைச் சைக்கிள் கடையில் கழற்றிப் போடப்பட்ட தேய்ந்த செயின் சத்தமின்றி உணர்த்துகிறது.

அப்படியானால் இருபது ஆண்டுகளாகத் தொடர்ந்தது எது? பாகங்கள் தொடரவில்லை; பேணும் செயல் தொடர்ந்தது. போற்றத்தக்க பழமை ஒன்று அதில் உண்டென்றால், அது இரும்பில் இல்லை. தவறாமல் நிகழ்ந்த கவனிப்பில் இருக்கிறது.

மூவகைப் பேணல்

உணவு, தானம், தவம் ஆகியவற்றை முக்குணங்களின்படி கீதை பிரித்துக் காட்டுகிறது. பழம்பொருளை வைத்திருப்பதையும் அவ்வாறே பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, தாமசப் பேணல். பொம்மனஹள்ளியைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் இதைக் காணலாம். காற்றிறங்கிய டயர்களோடு, தூசியும் துருவும் படிந்த சைக்கிள்கள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. உரிமையாளர் ஓட்டுவதில்லை, கொடுப்பதுமில்லை. 'என்றாவது ஓட்டலாம்' என்ற நினைப்பில் ஆண்டுகள் கழிகின்றன. இது சிக்கனம்போல் தோன்றும். உண்மையில், தனக்குப் பயன்படாததை வேறொருவருக்கும் பயன்படாமல் செய்வது அஸ்தேயத்திற்கு, அதாவது கள்ளாமைக்கு, மிக அருகில் செல்லும் குற்றம். பிரேக் தேய்ந்த வண்டியைப் பழுது பார்க்காமல் ஓட்டுவதும் தாமசமே. அதைப் போதுமென்ற மனம் என்று அழைக்கக் கூடாது. சாலையில் செல்லும் பிறர் உயிரையும் அது பணயம் வைக்கிறது.

இரண்டாவது, ராஜசப் பேணல். பழைய வண்டியைப் பளபளப்பாக்கி, அரிய பாகங்களைப் பெரும் விலை கொடுத்து வரவழைத்து, 'இப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை' என்று மகிழ்வது. அல்லது, புதியது வாங்கியவர்களைப் பார்த்து உள்ளூர இகழ்வது. எளிமையைப் பற்றிய பெருமிதம், செல்வத்தைப் பற்றிய பெருமிதத்தைவிட நுட்பமானது. அது தன்னைத் துறவென்றே நம்பிக்கொள்வதால் திருத்துவதும் கடினம்.

மூன்றாவது, சாத்விகப் பேணல். பயன் இருக்கும்வரை பயன்படுத்துவது; பயன்படும் நிலையில் வைத்திருப்பது; தேவையுள்ள ஒருவர் எதிர்ப்பட்டால் தயங்காமல் கொடுப்பது.

காந்தியடிகளின் வாழ்வில் காகா காலேல்கர் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி ஒன்று இங்கே பொருந்தும். காந்திஜி ஒரு சிறிய பென்சில் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். காலேல்கர் வேறொரு பென்சிலைக் கொடுக்க முன்வந்தபோது அவர் ஏற்கவில்லை. சென்னையில் நடேசனின் சிறு மகன் அன்போடு கொடுத்த பென்சில் அது. அதைத் தொலைக்க அவருக்கு மனம் வரவில்லை. இருவரும் தேடிக் கண்டெடுத்தனர். இரண்டு அங்குலம்கூட இல்லாத துண்டு அது.

உடைமை துறந்தவருக்குப் பென்சில் துண்டின்மீது பற்றா என்று கேட்கத் தோன்றும். அவர் தேடியது பென்சிலை மட்டுமானால் காலேல்கர் கொடுத்ததே போதுமாயிருந்திருக்கும். ஒரு குழந்தையின் அன்புக்குச் செய்ய வேண்டிய மரியாதை அந்தத் துண்டின் வழியே வெளிப்பட்டது. அந்தத் துண்டைப் பெட்டியில் பூட்டி வைக்கவும் அவர் நினைக்கவில்லை. எழுதித் தீர்ப்பதற்கே தேடினார். பயன்பாடு தொடர்ந்ததால் அன்பு பற்றாக உறையவில்லை.

கையின் வேலை, மனத்தின் வேலை

சில பழம்பொருள்கள் தொடாமல் வைப்பதால் வாழ்கின்றன. பொம்மனஹள்ளிக்கு அருகிலுள்ள பேகூரின் நாகநாதேஸ்வரர் கோயிலில், 'பெங்களூர்' என்ற பெயரைத் தாங்கிய, ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த கல்வெட்டு உள்ளது. அதற்குத் தேவை வெயில், மழை, மனிதக் கை ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு. சைக்கிளின் இயல்பு நேர்மாறானது. ஓடாவிட்டால் ரப்பர் வெடிக்கும், கிரீஸ் இறுகும், கேபிள் துருப்பிடிக்கும். ஓட ஓடத்தான் அதன் குறைகள் தெரியவரும். தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும்.

அந்தச் சரிசெய்தலில் ஒரு சாதனையே அடங்கியிருக்கிறது. புதிய செயினில் 12 அங்குலமாக உள்ள நீளம், தேய்ந்தபின் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் அதை மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் தேய்ந்த செயின் ஃபிரீவீலின் பற்களையும் தின்றுவிடும். சிறு செலவைத் தள்ளிப்போட்டவர் பெருஞ்செலவை ஏற்கிறார். சக்கரத்தின் கோட்டம் எடுக்கும் மெக்கானிக் கம்பிகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்றுதான் திருகுகிறார். அவசரப்பட்டு ஒரு கம்பியை முழுதாக இறுக்கினால் ரிம் மறுபக்கம் வளையும். மனத்தின் கோட்டத்தை நீக்க முயல்பவர்களும் அறிய வேண்டிய செய்தி இது.

நவராத்திரியின் இறுதியில் பெங்களூரில் ஆயுத பூஜை பெருவிழாவாக நடக்கிறது. பணிமனை இயந்திரங்கள், பேருந்துகள், ஆட்டோக்கள், சைக்கிள்கள் அனைத்தும் கழுவப்பட்டு, குங்குமமும் பூவும் சூட்டப்படுகின்றன. கருவியை வணங்குவது உயர்ந்த மரபு. ஆனால் பூவும் பொட்டும் இட்ட வண்டி மறுநாள் முதல் எண்ணெய் காணாமல் கிடந்தால், அந்த வணக்கத்திற்கு என்ன பொருள்? ஆண்டின் மற்ற நாட்களில் செலுத்தப்படும் கவனமே பூஜையை மெய்யாக்குகிறது.

இல்லாமையும் வேண்டாமையும்

தொடக்கத்தில் கண்ட இருவரிடம் இப்போது திரும்பலாம். வசதியிருந்தும் பழைய வண்டியை ஓட்டுபவரின் செயல் வேண்டாமை. காவலாளியின் நிலை இல்லாமை. இரண்டையும் ஒன்றாக்கி, 'பாருங்கள், எளியவர்கள் எவ்வளவு நிறைவோடு வாழ்கிறார்கள்' என்று போற்றுவது பெரும் அநீதி. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாதவரிடம் துறவைக் காண்பது, அவருக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து தப்பிக்கும் வழி. அவருக்குத் தேவை பாராட்டு அல்ல. நல்ல பிரேக், இரவில் ஒளிரும் விளக்கு, லாரிகள் உரசாத ஒரு சாலையோரம்.

2020 மே மாதம், நோய்த்தொற்றுக்கால ஊரடங்கின்போது, காயமுற்ற தந்தையைப் பின்னால் உட்காரவைத்து, 15 வயதுச் சிறுமி ஒருத்தி ஹரியானாவின் குருகிராமத்திலிருந்து பீகாரின் தர்பங்கா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிச் சென்றாள். அது பழைய சைக்கிள். வேறொருவர் ஓட்டிக் கைமாற்றியது. நாடே அவளது துணிவை வியந்தது. வியப்பு நியாயமே. அதோடு, அவள் அப்படி ஓட்டவேண்டி வந்ததற்காக வெட்கமும் வந்திருக்க வேண்டும். அடுத்த மாதம், ஜூன் 3-ஆம் நாள், உலக சைக்கிள் தினத்தன்றே, 1951-இல் தொடங்கப்பட்ட அட்லஸ் நிறுவனத்தின் சாஹிபாபாத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. செய்தவர்கள் நிறுத்திவிட்டாலும், அவர்கள் செய்தனுப்பிய வண்டிகளின் ஓட்டம் அன்றோடு நின்றுவிடவில்லை. அவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குப் பிழைப்பு, யாரோ ஒருவருக்குப் பள்ளி.

இதனால் வசதியுள்ளவரின் பொறுப்பு தெளிவாகிறது. ஓட்டும்வரை பழைய வண்டி அவருடையதாக இருக்கலாம். ஓட்டம் நின்ற அன்றே அது வேறொருவருக்கு உரியதாகிவிடுகிறது. அவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பது மட்டுமே பாக்கி. கொடுக்கும்போதும் துருவோடு தள்ளிவிடாமல், செயின் மாற்றி, பிரேக் சரிபார்த்து, காற்றடித்துக் கொடுப்பதே முறை. பேணுதலின் கடைசிச் செயலும் அதன் உரைகல்லும் கொடுத்தல்தான்.

வைத்திருப்பவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் போதும். இது இன்னும் ஓடுகிறதா? இதனால் மனத்தில் செருக்கு வளர்கிறதா, பொறுமை வளர்கிறதா? நாளை காலை இது காணாமல் போனால், தேடிப் பார்த்துவிட்டு அமைதியாக நடந்து போக முடியுமா? முதலாவதற்கு இல்லை என்பது விடையானால் கொடுத்துவிட வேண்டும். இரண்டாவதற்குச் செருக்கு என்பது விடையானால் விழித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதற்கு உடனே விடை சொல்ல முடியாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அந்த விடையை நோக்கிய பயணமே சாதனை.

ஆற்றைக் கடந்தவன் தெப்பத்தைத் தலையில் சுமந்து செல்ல வேண்டாம் என்றார் புத்தர். அந்த அறிவுரைக்கு மறுபக்கமும் ஒன்று உண்டு: கரை சேரும்வரை தெப்பத்தின் கட்டுகள் அவிழாமல் பார்த்துக்கொள்வது பயணியின் கடமை. பின்னால் இன்னொருவர் கடக்கக் காத்திருக்கக்கூடும் என்பதால், இறங்கியபின் அதைக் கரையில் உறுதியாகக் கட்டிவைப்பதும் அவனது கடமையே.